புதுப்பிப்பு: 180 பாரில் கசிந்த ஹைட்ராலிக் ஃபிட்டிங் சரியானது

பிரஸ் இயந்திரத்தின் பம்பிலிருந்து வரும் ஹோஸில், அழுத்தம் 180 பாரை நெருங்கும்போதெல்லாம் நட்டின் பின்புறம் எண்ணெய் கசிகிறது, எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

மரை பொருந்துவதை நம்பாமல், இணைப்பில் ஒன்றோடொன்று அழுந்தி எண்ணெயை அடைக்கும் கூம்பின் கோணத்தை அளந்து பார்க்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. ஹோஸ் மாட்டப்படும் துண்டான அடாப்டரின் கூம்பு 37 பாகை. ஹோஸ் முனையோ 45 பாகை. முக்கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 16 மரை என்ற அளவு இரண்டு வகைக்கும் பொது என்பதால் நட் தடையின்றி ஏறிவிடுகிறது. கூம்பில் நீல மை தடவி இறுக்கிக் கழற்றியபோது, பரப்பு முழுவதும் அழிந்திருக்க வேண்டிய மை மெல்லிய வளையமாக மட்டுமே அழிந்திருந்தது. மரையில் டெஃப்லான் டேப் சுற்றியதெல்லாம் வீண்வேலை. கசிவை அடைப்பது கூம்புதான், மரை அன்று.

எதிர்பாராதது ஒன்று உண்டு. 37 பாகை முனையுள்ள புதிய ஹோஸை மாட்டிய பிறகும் இலேசாக ஈரம் கண்டது. முன்பு நான் அளவுக்கு மீறி இறுக்கியதில் அடாப்டரின் கூம்பில் பள்ளம் விழுந்திருந்தது. அதையும் மாற்றி, கையால் இறுகும்வரை திருகிவிட்டு, தயாரிப்பாளரின் அட்டவணையில் உள்ள அளவுக்கு மட்டுமே ஸ்பேனரால் இறுக்கினேன். ஆறு நாட்களாக அதே அழுத்தத்தில் ஓடியும் இணைப்பு காய்ந்தே இருக்கிறது.