மஞ்ச ருமாவுக்கு ஆள் சேக்குறது எப்படி? எதிர்ல நிக்கிறது என் சொந்த கூட்டாளி

மஞ்சகேப்டன்:
வணக்கம் அண்ணா அக்கா எல்லாருக்கும். நான் மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டம், இடைநிலைப்பள்ளி பாரம் 4. இந்த வருசம் என்னைய மஞ்ச ருமாவுக்கு (ஸ்கூல் விளையாட்டு அணி) கேப்டனா போட்டுட்டாங்க, ஏன் சிக்குன்னு வாத்தியார கேட்டா நீதான் கிளாஸ்ல சத்தமா பேசுறன்னு சொல்லிட்டாரு. பிரச்சன என்னன்னா நீல ருமா கேப்டன் என் கூட்டாளி. ஒரே லயன் (தோட்டத்து வரிச வீடு), ஒரே தமிழ்ப்பள்ளி, ஒண்ணாங்கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்சி. இப்ப பஸ்ல பக்கத்து பக்கத்துல உக்காந்துகிட்டு ரெண்டு பேரும் போன மறைச்சி மறைச்சி அவங்கவங்க ருமா வாட்சாப் குரூப்புக்கு மெசேஜ் போடுறோம், டிரைவர் அங்கிள் கண்ணாடியில பாத்து சிரிக்கிறாரு.

பந்தயம் வேற கட்டிட்டோம். தோத்தவ டவுன்ல ஏபிசி ஐஸ் வாங்கி கொடுக்கணும், அதுக்கு மேல தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு எதிர் ருமா கலர்ல பஞ்சாபி சூட் போட்டுக்கிட்டு வரணும். அவளுக்கு என்ன, தோத்தா மஞ்ச, அம்மனுக்கு ஊரே மஞ்சதான் கட்டும், நான் தோத்தா மட்டும் கூட்டத்துல நீலமா தனியா நிக்கணும், இத யோசிக்காம சரின்னு சொல்ல வச்சிட்டா பாருங்க.

விசயத்துக்கு வரேன். ஹரி சுக்கான் (ஸ்கூல் விளையாட்டு நாள்) டிரெய்னிங் 3 மணிக்கு, எங்க தோட்டத்து பஸ் 2.30க்கு போயிரும். நல்லா ஓடுற பசங்க பாதிக்கு மேல தோட்டத்து பசங்கதான், நின்னா வீட்டுக்கு போக வழி இல்ல. நீலத்துல டவுன் தாமான் (குடியிருப்பு) பசங்க அதிகம், அப்பா மோட்டார்ல வந்து ஏத்திக்கிட்டு போயிருவாரு. ஆள் வராம எப்படி ஜெயிக்கிறது? 4x100 ரிலேக்கு யார எங்க நிக்க வைக்கிறதுன்னும் தெரியல, சும்மா வேகமானவள கடைசியில போட்டா போதுமா?

பழையபச்ச:
தங்கச்சி, நான் பேராக்குலயே வேற ஒரு ஸ்கூல், பச்ச ருமா, இப்ப ஈப்போவுல வேல. நீ 3 மணி டிரெய்னிங்க பத்தியே யோசிக்கிற, மொதல்ல சுக்கான்தாராவ புடி. எங்க காலத்துல எல்லாரும் ஹரி சுக்கான் அன்னிக்கி மெடல் வாங்குற நாலு பேர பாத்துதான் கத்துவோம், ஆனா ருமா புள்ளி அதுக்கு முன்னாடியே பாதி முடிஞ்சிரும். சுக்கான்தாராவுல மொத இடம் ரெண்டாம் இடம்னு கெடையாது, 100 மீட்டர இத்தன செகண்டுக்குள்ள ஓடுனா புள்ளி, நீளம் தாண்டுறதுல இந்த அளவ தொட்டா புள்ளி, குண்டு எறிஞ்சா புள்ளி, யார் தொட்டாலும் ருமாவுக்கு சேரும். வேகமா ஓடுற ஒருத்திய விட சுமாரா ஓடுற இருவது பேர் வந்தா புள்ளி அதிகம் புரியுதா, அதுலயும் பாதி ஸ்கூல்ல இது பி.ஜே. (உடற்கல்வி) பீரியட்லயே நடக்கும், பஸ் போற பிரச்சனையே இல்ல. உன் ஸ்கூல்ல எப்பன்னு சிக்குகிட்ட கேளு. 2026லேருந்து ஸ்கூல் மறுபடியும் ஜனவரியிலயே தொறக்குது, அதனால எல்லாமே சீக்கிரம் வந்துரும், பிப்ரவரி தொறப்ப நெனச்சிக்கிட்டு இருக்காத.

வெக்கப்பட்டுக்கிட்டு வராம மரத்தடியில உக்காந்திருக்குற பொண்ணுங்க லிஸ்ட் எடு. உன் சாம்பியன் அவங்கதான்.

ஓட்டவாத்தியார்:
பழையபச்ச சொன்னது சரி. நான் ரிலேய பத்தி மட்டும் சொல்றேன், பசங்கள டைரா (மாவட்ட) லெவலுக்கு கூட்டிக்கிட்டு போன அனுபவத்துல.

வேகமானவள கடைசியில போடுறது எல்லாரும் செய்யுறது, ஆனா 4x100ல 1ம் 3ம் வளைவுல ஓடுறவங்க, 2ம் 4ம் நேர்ல ஓடுறவங்க. வளைவுல தடுமாறாம ஓடுறவள 3ல போடு. துப்பாக்கி சத்தத்துக்கு பட்டுனு கெளம்புறவ 1. பத்தோங்க (ரிலே குச்சி) வாங்கவும் கொடுக்கவும் செய்யிற 2வது ஆள் கை நல்ல ஆளா இருக்கணும், பயந்து கீழ போடுறவள அங்க போடாத.

கை ரொம்ப முக்கியம். 1 வலது கையில புடிச்சி ஓடி, 2வது ஆள் இடது கையில வாங்கணும், 3வது வலது, 4வது இடது. ஓடும்போது கை மாத்தாதீங்க, அங்கதான் நேரம் போகும். வாங்குறவ திரும்பி பாக்கக்கூடாது. தரையில ஒரு கோடு போடு, ஓடி வர்றவ அந்த கோட்ட தாண்டுன உடனே வாங்குறவ கெளம்பிரணும். மொதல்ல வாங்குறவ நிக்கிற எடத்துலேருந்து பின்னாடி இருவது சப்பாத்து நீளம் வச்சி பாரு, எட்டிப் புடிக்க முடியலன்னா கொறச்சிக்கோ, முட்டிக்கிட்டா கூட்டிக்கோ. இத எல்லாம் ஸ்கூல் பாடாங்குலதான் (திடல்) செய்யணும்னு இல்ல.

இன்னொன்னு, மாத்துற இடம் இப்ப 30 மீட்டர். 2018 வாக்குலதான் மாத்துனாங்க, முன்ன 20 மீட்டரும் அதுக்கு பின்னாடி 10 மீட்டர் கெளம்புற இடமும் தனித்தனியா இருந்துச்சி. பழைய கோடு போட்ட பாடாங் இன்னும் இருக்கு, உன் ஸ்கூல்ல எந்த கோடுன்னு முன்னாடியே கேட்டுக்கோ. கோட்டுக்குள்ள இருக்க வேண்டியது பத்தோங்தான், கால் இல்ல. கீழ விழுந்தா யார் கையிலேருந்து விழுந்துச்சோ அவங்கதான் எடுக்கணும், பக்கத்துல இருக்கவ உதவி பண்றேன்னு எடுத்துட்டா போச்சி.

பால்மரத்து_மாமா:
இத படிச்சி சிரிச்சிக்கிட்டே இருக்கேன்மா. எங்க காலத்துல ருமாவெல்லாம் அப்பறம்தான், மொதல்ல தோட்டத்துக்கு தோட்டம் பகை. தீவாளி முடிஞ்சா பந்து, எங்க தோட்டமும் பக்கத்து தோட்டமும், காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு போற எடத்துல கூட அத பத்திதான் பேச்சி, ஜெயிச்சவன் தோத்தவன் லயனுக்கே போயி தாளம் அடிப்பான். அப்பறம் அதே பசங்க எல்லாம் டவுன் இடைநிலைப்பள்ளியில ரிமூவ் கிளாஸ்ல (பாரம் 1க்கு முன்னாடி ஒரு வருசம்) வந்து ஒரே பெஞ்சில உக்காரணும், மொத வாரம் மொறச்சிக்கிட்டு இருப்பானுங்க, மலாய் பாடம் யாருக்கும் புரியாது, அப்பறம் ஒருத்தன் நோட்ட ஒருத்தன் பாத்து எழுத ஆரம்பிச்சா சண்ட எங்க.

பொண்ணுங்க வேகமா ஓடுனா அப்ப எல்லாரும் "ஏ ராஜமணி"ன்னுதான் கூப்புடுவோம். 1966ல பேங்காக் ஆசிய விளையாட்டுல எம். ராஜமணி 400 மீட்டர்ல தங்கம் வாங்குனாங்க, அதே வருசம் நாட்டோட மொத ஒலாராகாவாத்தியும் (சிறந்த விளையாட்டு வீராங்கனை) அவங்கதான். எங்க தோட்டத்துல ஒரு பொண்ணு பால் வாளிய வச்சிட்டு ஸ்கூலுக்கு ஓடுறத பாத்தா அப்படித்தான் இருக்கும். உங்க ஏபிசி பந்தயத்துல கசப்பு வராம இருக்கணும்னா போட்டிய பாடாங்கோட விட்டுருங்க, லயனுக்கு தூக்கிக்கிட்டு வராதீங்க, எங்களுக்கு லயனுக்கு வந்ததாலதான் வாய் சண்ட கை சண்டையாச்சி.

கேள்விக்குறி:
அடுத்த வருசம் எஸ்.பி.எம். (பாரம் 5 பரீட்ச) இருக்கு, இதுல ஏபிசி பந்தயம் லா. படிக்கிற வேலைய பாருங்க.

மஞ்சகேப்டன்:
கேள்விக்குறி அண்ணா, யூனிவர்சிட்டி மெரிட்ல 90 படிப்பு 10 கோக்கோ (புறப்பாட நடவடிக்கை)ன்னு சிக்கு சொன்னாரு, அந்த 10 சும்மா வராது. ஃபிசிக்ஸும் படிச்சிக்கிட்டுதான் இருக்கேன்.

ஓட்டவாத்தியார் ஐயா சொன்ன மாதிரி ஞாயித்துக்கெழம காலையில தோட்டத்து பந்து பாடாங்குல எங்க லயன் பொண்ணுங்கள கூட்டி மொளகா நாத்து குச்சி வச்சி பத்தோங் மாத்தி பாத்தோம். இருவது சப்பாத்து எங்களுக்கு தூரமா போயிருச்சி, பதினாறுல சரியா வந்துச்சி. ஆடு ரெண்டு உள்ள வந்து நின்னுக்கிச்சி, அத தொரத்துறதுலயே பாதி வார்ம் அப். நீலத்துக்காரி வாசல்ல நின்னு பாத்தா, கூப்டேன், வரமாட்டேன் உளவு பாக்குறேன்னு சொல்வீங்கன்னு சொல்லிட்டு மைலோ கலக்கி எல்லாருக்கும் எடுத்துக்கிட்டு வந்தா. அவள நான் என்ன பண்றது சொல்லுங்க.

லயன்_அம்மா:
என் பையன் வேற ருமா, இருந்தாலும் சொல்றேன். நாலஞ்சி பிள்ளைங்க பேரு குடுத்தா 5 மணிக்கு வேன்காரர் திரும்ப வருவாரு, ஆளுக்கு கொஞ்சம் வெள்ளி போட்டா கட்டும். மஞ்ச நீலம்னு பாக்காம தோட்டத்து பிள்ளைங்க எல்லாரையும் ஒரே வேன்ல சேத்துக்கோ, அப்பதான் ஆள் நெறையும், காசும் கொறையும். பெத்தவங்ககிட்ட மொதல்ல சொல்லணும், ஆறு மணிக்கு செம்பன ரோட்டுல நடந்து வரவிடாத.

மஞ்சகேப்டன்:
நீலத்துக்காரியும் அந்த வேன்லதான் வரணும்னா டிரெய்னிங் ரகசியம் எல்லாம் போச்சே ஆன்ட்டி 😅 சரி, கேட்டு பாக்குறேன். கடைசியா ஒண்ணு, கெமா (ருமா கூடாரம்) அலங்காரத்துக்கும் புள்ளி இருக்கு, எங்ககிட்ட காசு இல்ல, நீலம் பலூன் வாங்க வசூல் பண்ணுறாங்களாம்.

பழையபச்ச:
பலூன் வெயில்ல பத்து மணிக்குள்ள வெடிச்சிரும், விடு. தென்னங்குருத்து கேட்டு வாங்கி தோரணம் பின்ன தெரிஞ்ச பாட்டிங்க உங்க லயன்ல இல்லாமலா இருப்பாங்க, திருவிழாவுக்கு பின்னுறவங்கதான. மொத நாள் சாயந்தரமே வெட்டி ஈரத்துணியில சுத்தி வை, இல்லன்னா காலையில வாடிரும். மஞ்ச துணி கோயில்ல கேட்டு பாரு, ஆனா திருப்பி குடுக்கணும்னு ஒரு பொறுப்பான ஆள போடு.