ப்ளீச், ஆசிட், சானிடைசர்: கொரோனா நாட்களில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கதவோரம்

2020 ஏப்ரல் கடைசி. கீழ்வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்ததும் பயத்தில் கழிவறையைக் கழுவ இறங்கினேன். டாய்லெட் கிளீனரை ஊற்றி ஊறவிட்டேன். மனசு ஆறவில்லை, அதன்மேலேயே ப்ளீச்சையும் ஊற்றினேன். தூங்குகிற குழந்தைக்கு நெடி போகக்கூடாது என்று கதவைச் சாத்தித் தாழ் வேறு போட்டிருந்தேன்.

புஸ்ஸென்று நுரை பொங்கியது. தொண்டை அடைத்துக்கொண்டது, கண்ணைத் திறக்க முடியவில்லை. தாழ்ப்பாள் எங்கே என்று தடவினேன் பாருங்கள், அந்தச் சில நொடிகள்தான் இன்னும் கனவில் வருகின்றன. பத்து வருஷம் புழங்கிய கதவு. கை துண்டு மாட்டும் கம்பியைப் பிடிக்கிறது, குழாயைப் பிடிக்கிறது, தாழ்ப்பாள் மட்டும் அகப்படவே இல்லை.

இரண்டு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இருமல் நிற்க ஒரு மாதம் ஆனது. வேறு யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

நிலாமுற்றம்

எங்கள் வீட்டில் சானிடைசர். பெரிய கேனிலிருந்து பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வாசலில் வைத்திருந்தோம். அண்ணன் மகளுக்கு அப்போது மூன்று வயசு. எத்தனை வாய் குடித்தாளோ, யாரும் பார்க்கவில்லை. தள்ளாடித் தள்ளாடி நடந்தாள், சுவரில் முட்டினாள், சிரித்தாள். ஆடிக் காட்டுகிறாள் என்று நினைத்து நான் வீடியோ எடுத்தேன். நாற்பது செகண்ட். கடைசியில் அப்படியே சரிகிறாள். பின்னால் என் சிரிப்புச் சத்தம்.

டாக்டர் முதலில் பார்த்தது ரத்தச் சர்க்கரையைத்தான். ஆல்கஹால் உள்ளே போனால் சின்னப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்குமாம். இறங்கித்தான் இருந்தது. இப்போது நன்றாக இருக்கிறாள், பள்ளிக்கூடம் போகிறாள். அந்த வீடியோவை அழிக்கவும் கை வரவில்லை, பார்க்கவும் தெம்பில்லை.

தென்றல்77

கதவோரம், தப்பா எடுத்துக்காதீங்க. வேற எதோடயும் கலக்கக் கூடாதுன்னு பாட்டில்லயே போட்டிருக்கே? படிச்சுட்டு ஊத்தியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. எங்க அத்தையும் இப்படித்தான், காய்கறியை ப்ளீச் தண்ணியில ஊறப் போட்டாங்க. நான் பார்த்து மொத்தத்தையும் கொட்டச் சொன்னேன். அத்தை அன்னைக்குப் பூரா என்கூடப் பேசல.

யாராவது இதெல்லாம் விழுங்கிட்டா உடனே உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைங்க. அது முக்கியம்.

பழையகணக்கு

தென்றல், அந்தக் கடைசி இரண்டு வரியைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என் அப்பா விஷயத்தில் அதைத்தான் செய்தோம். ராத்திரி தாகத்தில் தரை துடைக்கும் திரவத்தைக் குடித்துவிட்டார். அதுவும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்ததுதான். நானே உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன், நானே முதுகைத் தட்டினேன். இறங்கும்போது ஒருமுறை எரித்தது, ஏறும்போது இன்னொருமுறை எரித்தது. நுரை மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியா ஆனது. "யார் வாந்தி எடுக்க வைத்தது?" என்று டாக்டர் கேட்டபோது அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

படிக்காததால் வந்த வினை என்று சொல்வதும் சரியில்லை. விஷம் உள்ளே போனால் போன் செய்து ஆலோசனை கேட்கும் அமெரிக்க நச்சு மையங்களுக்கு 2020 ஜனவரி முதல் மார்ச் வரை கிளீனர், கிருமிநாசினி பற்றி மட்டும் 45,550 அழைப்புகள் வந்தன. முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களைவிட 20 சதவீதம் அதிகம். அந்த மே மாதம் அங்கே 502 பேரிடம் விசாரித்ததில் 19 சதவீதம் பேர் உணவுப் பொருளை ப்ளீச்சில் கழுவியதாகச் சொன்னார்கள். உங்கள் அத்தை தனி ஆள் இல்லை. அவரிடம் கொஞ்சம் தணிந்து பேசியிருக்கலாம்.

ஆறாம்விரல்

எனக்கு ப்ளீச் கண்ணில் தெறித்தது. உடனே கழுவியதால் பார்வை தப்பியது, அவ்வளவுதான். ஆனால் சிலதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டாய்லெட் கிளீனர் பலவற்றில் இருப்பது ஆசிட். அது ப்ளீச்சோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். வினிகரும் ஆசிட்தான், அதனாலும் வரும். அமோனியா கலந்த கண்ணாடி துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமைன் என்ற வாயு, அதுவும் நுரையீரலைத்தான் பதம் பார்க்கும். நெடி ஏறினால் முதலில் ஆள் வெளியே வரவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம் என்று திரும்ப உள்ளே போகாதீர்கள். வெளியே வந்ததும் சரியாகிவிட்டது போலத் தெரியும், மணிக்கணக்கு கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். மூச்சு இறுக்கினால் காத்திருக்கவே கூடாது. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15, 20 நிமிஷம். குடித்துவிட்டால் பழையகணக்கு சொன்னதுதான் சரி: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அந்தப் பாட்டிலையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். சானிடைசரில் சிலது மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்து வந்ததாக 2020 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. மெத்தனால் பார்வையைப் பறிக்கும், உயிரையும் எடுக்கும். டாக்டருக்கு எந்தப் பாட்டில் என்று தெரிந்தால்தான் எந்த முறிவு மருந்து என்று தெரியும். இன்னொன்று, எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். இந்தத் திரியிலேயே இரண்டு பேர் எழுதிவிட்டீர்கள்.

தென்றல்77

உப்புத் தண்ணி வரியை எடுத்துட்டேன்னா மத்தவங்க எழுதினது புரியாது. தப்புன்னு இங்கேயே சொல்லிடறேன். யாரும் செய்யாதீங்க. மன்னிச்சுக்கோங்க, பழையகணக்கு. அப்பா இப்போ எப்படி இருக்காங்க?

கதவோரம்

தென்றல், பாட்டிலிலேயே போட்டிருக்கே என்று நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நெடி தாங்க முகக்கவசம் போட்டுக்கொண்டேன். வாயு அதற்கெல்லாம் நிற்காது என்று அன்றைக்குத் தெரியாது. மூச்சு பட்டு மூக்குக்கண்ணாடி மங்கிப்போனது. கழற்றி வாஷ்பேசின்மேல் வைத்தேன். கண்ணாடி இல்லாமல் அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்தபோது கண்ணாடி வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைக்கே கழிவறைத் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். கதவில் அந்த நான்கு ஆணி ஓட்டை மட்டும் இன்னும் இருக்கிறது.