லேப்டாப்புக்குள் எத்தனை டிராக் வருகிறது? மிக்சர் வாங்கிய அனுபவங்கள்

வீட்டில் ஒரு சின்ன அறையில் பாட்டு ரெக்கார்டிங் செய்து பழகுகிறேன். போன வருஷம்தான் என் முதல் மிக்சரை (பல மைக்குகளின் ஒலியைக் கலக்கும் கருவி) வாங்கினேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று எடுத்துச் சொல்ல அப்போது பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்து வாங்குகிறவருக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

பெட்டியில் 12 சேனல் (ஒலி உள்ளே வரும் வழி) என்று போட்டிருந்தது. யூஎஸ்பி இருந்தது, நல்ல ரிவெர்ப் (எதிரொலி போன்ற விளைவு) இருந்தது. சத்தத்தைக் கையில் பிடித்து ஏற்றி இறக்க நீளமான ஃபேடர் இருந்தது. இதுக்கு மேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். பாட ஒருவர், கிட்டார் ஒருவர், தபேலா ஒருவர். தபேலாவுக்கு மட்டும் இரண்டு மைக், மொத்தம் நான்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். மூன்றாவது தடவை பாடியது அவ்வளவு அழகாக அமைந்தது. பாடி முடித்ததும் யாரும் ஒரு நிமிஷம் பேசவே இல்லை.

அவர்கள் போன பிறகு லேப்டாப்பைத் திறந்தால் ஒரே ஒரு ஸ்டீரியோ டிராக், அதாவது இடது வலது சேர்ந்த ஒரே பதிவு. நான்கு மைக்கும் அதற்குள் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. இரண்டாவது சரணத்தில் ஒரு வரியின் கடைசிச் சொல்லை தபேலாவின் இடது பக்கம் அமுக்கிவிட்டது. குரலை ஏற்றினால் தபேலாவும் ஏறுகிறது. தாழ்ந்த ஒலியை (பேஸ்) குறைத்தால் கிட்டார் மெலிந்து போகிறது. இரவு ஒரு மணி வரை போராடினேன், அந்த ஒரு சொல்லை மீட்க முடியவில்லை. அவர் மறுபடி வந்து பாடிக் கொடுத்தார். ஆனால் அன்று பாடியது போல வரவில்லை.

காரணம் எளிமையானது. யூஎஸ்பி உள்ள சின்ன அனலாக் மிக்சர்களில் பலவும் மெயின் மிக்ஸின் (எல்லாம் கலந்த இறுதி ஒலி) இடது, வலது இரண்டை மட்டும்தான் கணினிக்கு அனுப்பும். விவரக் குறிப்பில் யூஎஸ்பி '2 இன், 2 அவுட்' என்று இருக்கும், அந்த வரியை நான் படிக்கவே இல்லை. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, டாஸ்காம் மாடல் 12 போன்றவை ஒவ்வொரு சேனலையும் தனித்தனி டிராக்காக அனுப்பக்கூடியவை. டாஸ்காமில் கணினியே இல்லாமல் எஸ்டி கார்டில் 12 டிராக் பதிவு செய்யலாம்.

பெயரில் இருக்கும் எண்ணையும் பிரித்துப் பாருங்கள். யமஹா எம்ஜி10எக்ஸ்யூவில் அந்த 10 என்பது நான்கு மோனோ சேனலும் மூன்று ஸ்டீரியோ ஜோடியும் சேர்ந்த கணக்கு. மைக் செருகும் இடம் நான்குதான். ஐந்தாவது மைக் தேவைப்படும் நாளில்தான் இந்தக் கணக்கு உறைக்கும்.

அப்புறம் ஹெட்போன். பாடுகிறவருக்குத் தன் குரல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்க வேண்டும். ஹெட்போனுக்குத் தனிக் கலவை அனுப்பும் வழிக்கு ஆக்ஸ் என்று பெயர். என் மிக்சரில் ஆக்ஸ், ஃபேடருக்குப் பிறகு எடுப்பது. நான் ஃபேடரை இறக்கும்போதெல்லாம் அவர் காதிலும் குரல் குறைந்தது, அவர் சத்தமாகப் பாட ஆரம்பித்தார். ப்ரீ-ஃபேடர் (ஃபேடருக்கு முன்பே எடுக்கும்) ஆக்ஸ் ஒன்றாவது இருக்கிற மிக்சராகப் பாருங்கள். இப்போது அடுத்த மிக்சர் தேடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

*

உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும், கொஞ்சம் வேறு விதமாக. நான் தனியாகப் பாடி, தனியாகக் கிட்டார் வாசிப்பவன். மிக்சரில் ஈக்யூவும் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைப்பது) ரிவெர்ப்பும் வைத்து, ஹெட்போனில் கேட்கச் சுகமாக இருந்ததால் அப்படியே பதிவு செய்தேன். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது. டிராக்கோடு சேர்ந்துவிட்ட ரிவெர்ப்பைப் பிறகு சுத்தமாக எடுக்க வழியில்லை. இப்போது இரண்டு இன்புட் உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக் ஒலியைக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) மட்டும் வைத்திருக்கிறேன். ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு மைக்குக்கு மேல் தேவைப்படாதவர்கள் மிக்சரே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. பாடுவது கணினி வழியாகத் திரும்பி ஹெட்போனில் கேட்கத் தாமதம் வருமே என்று பயந்தேன். 44.1 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128 என்று வைத்தால் ஒரு வழிக்குச் சுமார் 3 மில்லிவினாடி. போக வர இரட்டிப்பாகி, அதற்கு மேல் கொஞ்சம் கூடினாலும் பாட எனக்குத் தொந்தரவாக இல்லை.

இன்னொன்று, மிக்சரிலிருந்து லேப்டாப்புக்குச் சாதாரண ஆடியோ கேபிள் போட்டிருந்தபோது ஒரு ரீங்காரம் விடாமல் வந்தது. சார்ஜரைப் பிடுங்கினால் நின்றுவிடும். இதுதான் கிரவுண்ட் லூப், இரண்டு கருவிகளின் எர்த் வழியாகச் சுற்றி வரும் இரைச்சல். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகியதும் போய்விட்டது. சிலர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றச் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மைக்கில் உதடு பட நின்று பாடுகிறோம், உயிர் போகிற விஷயம்.

*

முதலில் எழுதிய நண்பருக்கு: அந்த 12 சேனல் மிக்சரை அவசரப்பட்டு விற்க வேண்டாம். மைக் சேனல்களுக்கு மேலே 'இன்சர்ட்' என்று ஜாக் துளை (அந்த சேனலின் ஒலியை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே கொடுக்கும் இடம்) இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு வழி உண்டு. ஸ்டீரியோ ஜாக் ஒன்றில் டிப்பையும் (முனை) ரிங்கையும் (அடுத்த வளையம்) சேர்த்து ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுமுனையில் மோனோ ஜாக் போட்டு, பல இன்புட் உள்ள இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுங்கள். சேனல் சத்தமும் அறுபடாது, அந்த மைக் மட்டும் தனியாக வெளியே வரும். பெரும்பாலான மிக்சர்களில் இன்சர்ட் கெயினுக்கு (மைக் ஒலியை முதலில் உயர்த்தும் திருகு) பின், ஈக்யூவுக்கு முன் இருப்பதால், நீங்கள் ஈக்யூவைத் திருகினாலும் பதிவில் ஏறாது. பத்து வருஷமாக இப்படித்தான் பதிவு செய்கிறேன்.

ஃபேன்டம் பவர், அதாவது கண்டென்சர் மைக்குக்கு கேபிள் வழியே மிக்சர் தரும் மின்சாரம், பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன மிக்சர்களில் எல்லா மைக்குக்கும் சேர்த்து ஒரே 48 வோல்ட் பொத்தான்தான் இருக்கும். கண்டென்சர் மைக்கோடு பழைய ரிப்பன் மைக்கையும் (உள்ளே மெல்லிய உலோக நாடா உள்ளது) வைக்கிறவர்கள், சேனல் வாரியாகப் பொத்தான் உள்ளதைத் தேடுங்கள். கேபிளில் ஒரு பழுது இருந்தால் ரிப்பன் அறுந்துவிடக்கூடும்.

*

இன்சர்ட் யோசனைக்கு மிக்க நன்றி. என் மிக்சரில் நான்கு இருக்கின்றன, இத்தனை நாள் அந்தத் துளைகளைத் தொட்டதே இல்லை. நண்பரிடம் 8 இன்புட் இன்டர்ஃபேஸ் இரவல் வாங்கி, நான்கு கேபிளையும் நேற்று நானே பற்றவைத்தேன். ஒன்றில் ஈயம் சரியாகப் பிடிக்காமல் கரகரத்தது, திரும்பச் செய்தேன். இரவு தபேலா நண்பர் வந்து பத்து நிமிஷம் வாசித்தார், நான் மற்ற மைக்கில் சும்மா பேசிக்கொண்டிருந்தேன். திரையில் நான்கு தனித்தனி டிராக். தபேலாவின் இடது பக்கத்தை மட்டும் இறக்கினேன், என் பேச்சு அப்படியே நின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்று பேரையும் மறுபடி கூப்பிட்டிருக்கிறேன்.