புதுப்பிப்பு: ரிமாண்டு, 60 நாள், ஜாமீன்

முந்தைய இழையில் எஃப்.ஐ.ஆர்., ரிமாண்டு (கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் இடும் உத்தரவு), முன்ஜாமீன் பற்றி எழுதியிருந்தேன். "குற்றப்பத்திரிகை வராமல் 60 நாள் ஆனால் வேலூர் தொரப்பாடி சிறையிலிருந்து தானாக விட்டுவிடுவார்களா?" என்று பலர் கேட்டீர்கள். விடமாட்டார்கள், ஜாமீன் மனு போட்டாக வேண்டும்.

பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 187(3)-இன்படி, குறிப்பிட்ட கெடுவுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை (விசாரணை முடித்துக் கோர்ட்டில் தரும் அறிக்கை) தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமை. மரண தண்டனை, ஆயுள், 10 ஆண்டுக்குக் குறையாத சிறை என்றால் கெடு 90 நாள், மற்றவற்றுக்கு 60.

எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். கைதான நாளிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் முதலில் ரிமாண்டு செய்த நாளிலிருந்து, அந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். மே 31 இரவு கைது, ஜூன் 1 ரிமாண்டு என்றால் ஜூலை 30 அறுபதாவது நாள். ஜூலை 31 காலையிலேயே வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் மனு இருக்க வேண்டும். மதியம் போகலாம் என்று இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. மனு முந்திவிட்டால், பிறகு வரும் குற்றப்பத்திரிகை அதைப் பறிக்காது. அதனால் தாக்கல் செய்த நேரத்தையும் குறித்து வாங்குங்கள், தயவுசெய்து.

ஜாமீன்தாரர்களின் (உங்களுக்காகப் பொறுப்பேற்று உறுதி தருபவர்களின்) ஆதார், வீட்டு வரி ரசீதை முன்பே தயாராக வையுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100-க்கு அழையுங்கள், இலவச சட்ட உதவி உண்டு.