புதுப்பிப்பு: கூட்டு முனைவர் பயிற்சியில் பணம் எங்கே ஒழுகுகிறது

இரு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு மாணவரை உருவாக்குவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். "உதவித்தொகை கிடைத்தாச்சு, இனி என்ன?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். சிக்கலே அதற்கப்புறம்தான்.

உதவித்தொகை மாணவரின் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும். களப்பணிச் செலவை அதில் ஏற்றாதீர்கள், பாவம். சிங்கா (வெளிநாட்டு முனைவர் மாணவர்களுக்கான சிங்கப்பூர் உதவித்தொகை) 4 ஆண்டுவரை வரும். கூட்டாளிப் பல்கலைக்கழகத்தின் நிதி 3.5 ஆண்டில் நின்றால், மிச்ச 6 மாதம் யார் பொறுப்பு? அங்கே தங்கும் மாதங்களுக்குக் கல்விக் கட்டணம் யாருக்கு? இரண்டையும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதுங்கள்.

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்தில் ஆய்வுக்குச் சேறு எடுக்கத் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். மாணவர் வந்த பிறகு விண்ணப்பித்தால் முதல் பருவம் வீண்.

உறைந்த சேற்று மாதிரியைக் கூட்டாளிக்கு அனுப்பும்போது கவனம்: சாதாரண நுரைப்பெட்டியில் உலர்பனி (திட கார்பன் டை ஆக்சைடு) நாளுக்கு 2 முதல் 5 கிலோவரை ஆவியாகிவிடும். 10 கிலோ போட்டு வெள்ளிக்கிழமை அனுப்பினால், வார இறுதி சுங்கத்தில் கிடந்து, திங்களன்று உருகிய சேறுதான் மிஞ்சும், அதிலுள்ள உயிர்களின் மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ மூலக்கூறு சிதைந்திருக்கும். திங்கட்கிழமையே அனுப்புங்கள். பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டாதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கும். வெளியே 'யூஎன் 1845' (உலர்பனிக்கான சர்வதேச அடையாள எண்) சீட்டும் உலர்பனியின் எடையும் தெரியவேண்டும்.