மறுமொழி: கரிக் கிடங்கு வழக்கு நிதி, ஆளுக்கு 5,000

செயலாளர் மாமாவுக்கு,

நம் ஊர்க் கரிக் கிடங்கின் மேல் வழக்குப் போட ஆளுக்கு 5,000 கேட்டிருக்கிறீர்கள். பணம் தர மாட்டேன் என்று சொல்லவில்லை, கணக்கு காட்டுங்கள் என்கிறேன். இழப்பீடு கேட்காத மனுவுக்கு, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் கட்டணம் 1,000 ரூபாய்தான். வக்கீல் வைக்காமல் நாமே வாதாடலாம். அப்புறம் எதற்கு இவ்வளவு? குளத்துப் படிக்கட்டு வசூலுக்கே ரசீது இன்னும் வரவில்லை.

தங்கை போன மாதம் ஊருக்குப் போயிருந்தாள். கொல்லையில் காய்ந்த வேட்டியை உதறினால் கரி. தண்ணீர்த் தொட்டியில் பாலாடை மாதிரி கறுப்பாகப் படிந்திருக்கிறதாம். தார்ப்பாய் பாதிக் குவியலுக்குத்தான். தூசி அடங்கத் தெளிக்க வேண்டிய தண்ணீர் லாரி கிடங்கு வாசலில் சும்மா நிற்கிறது.

இங்கே சிகாகோவிலும் இதே கூத்து நடந்தது. கலுமெட் ஆற்றங்கரையில் பெட்கோக், அதாவது எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கரி, மலை மலையாகக் கிடந்தது. 2013 ஆகஸ்ட் காற்றில் தெருவெல்லாம் கறுத்துவிட்டது. 2014இல் மாநகராட்சி விதி போட்டது: இரண்டு ஆண்டுக்குள் கூரையும் சுவரும் உள்ள கட்டடம், அதுவரை குவியல் 30 அடிக்கு மேல் கூடாது, காற்று மணிக்கு 15 மைலைத் தாண்டினால் கரியைக் கிளறவே கூடாது. கம்பெனி கட்டடம் கட்டவில்லை, குவியலையே அகற்றிவிட்டது.

நம் கிடங்குக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது இயங்குவதற்கான அனுமதி, இருக்கும், அதில் நிபந்தனையும் இருக்கும். 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நகல் வாங்குங்கள். கிராமசபையில் தீர்மானம் போடுங்கள். வழக்கு என்றால் ஆறு மாதக் கெடு உண்டு, அதையும் பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகு வசூல்.
செல்வம், சிகாகோ

---

செல்வம் தம்பி,
ரசீது கேட்கிறாய், சரி. அந்த நிலத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது யார்? உன் பெரியப்பா. அன்றைக்கு நான் தடுத்தபோது என்னைப் பைத்தியக்காரன் என்றார்கள். நம்ம ஊர்க்காரன் பத்து ரூபாய் மனுவோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தால் பக்கத்து ஊர் சிரிக்காதா? வக்கீல் வைத்தே ஆகவேண்டும்.
மேலத்தெரு, சிங்கப்பூர்

---

அண்ணன்மார்களே, சண்டை வேண்டாம். அந்த இடத்தில்தான் நாம் பனங்காய் வண்டி உருட்டினோம், வடக்கே வேலியோரம் நாவல் மரம் நின்றது. அதை முதலில் வெட்டினார்கள், யாரும் கேட்கவில்லை. செல்வம் அண்ணன் சொன்னபடி நகல் வாங்க நான் ஆள் பிடிக்கிறேன். நிதிக்கு 10,000 போடுகிறேன். பணம் மட்டும் என் மச்சான் கணக்குக்குப் போக வேண்டாம், போன தடவை பட்டது போதும்.
ரியாத்திலிருந்து, உங்கள் குட்டி