ஜப்பானில் வேலை போனபோது கொகுஹோ எங்களுக்குக் கைகொடுத்தது

ஜப்பானுக்கு வேலைக்கு வரும் நம்மில் பலருக்குக் கம்பெனி இன்சூரன்ஸ்தான். பிரீமியத்தில் பாதியைக் கம்பெனி கட்டிவிடும், மீதியைச் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள், அதனால் யாரும் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை. என் கணவருக்கு ஆட்குறைப்பில் வேலை போனபோதுதான் நாங்கள் கொகுஹோவுக்கு, அதாவது அரசின் தேசிய சுகாதாரக் காப்பீட்டுக்கு மாறினோம். பழைய காப்பீடு முடிந்த 14 நாளுக்குள் வார்டு ஆபீஸில், அதாவது நம் பகுதியின் உள்ளாட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். தள்ளிப்போட்டால் பிரீமியம் மிச்சம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், எப்போது போய்ப் பதிந்தாலும் முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துத்தான் வசூலிப்பார்கள்.

கொகுஹோ பிரீமியம் போன வருட வருமானத்தை வைத்துக் கணக்கிடுவது. புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் வருடம் குறைவாக வருவது அதனால்தான். எங்கள் நிலைமை நேர்மாறு, கையில் சம்பளம் இல்லை, பில் மட்டும் போன வருடச் சம்பளத்துக்கு வரும். டோக்கியோவில் நிஷி கசாயில் இருக்கும் ஒரு அக்காதான் போனில் சொன்னார்: "வேலையை நீங்களா விடலையேம்மா, அவங்கதானே அனுப்பினாங்க, அதுக்குன்னு ஒரு குறைப்பு இருக்கு, கேட்டு வாங்கு."

ஹலோ வொர்க்கில், அதாவது அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தரும் தாளில் வேலை போன காரணம் இரண்டு இலக்க எண்ணாக இருக்கும். வார்டு ஆபீஸ் கவுன்டரில் இருந்த பெண் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, தன் பட்டியலோடு ஒத்துப்பார்த்துவிட்டு, படிவத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். சம்பள வருமானத்தில் 30 சதவீதத்தை மட்டும் கணக்கில் எடுத்துப் பிரீமியம் போட்டார்கள். பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் விண்ணப்பித்தால்தான் கிடைக்கும், தானாக வராது.

அப்புறம் என் கணவருக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். முதலில் பக்கத்து கிளினிக்கில் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள், இல்லையென்றால் முதல் தடவைக்கே குறைந்தது 7,000 யென் கூடுதல். செலவில் நம் பங்கு 30 சதவீதம். 10 லட்சம் யென் ஆனால் 3 லட்சம் என்று பயந்துவிடாதீர்கள், மாதத்துக்கு ஒரு உச்சவரம்பு உண்டு. நாங்கள் பார்த்த அட்டவணையில், நடுத்தர வருமானக்காரருக்கு அதே 10 லட்சத்துக்கு 87,430 யென்தான், வருமானம் குறைந்தால் இன்னும் கம்மி. சம்பள வருமானத்தில் 30 சதவீதத்தை மட்டும் எடுத்த அந்தக் கணக்கு எங்களுக்கு இதிலும் உதவியது. மை நம்பர் கார்டை, அதாவது அரசு தரும் அடையாள அட்டையை ஆஸ்பத்திரியில் இருக்கும் ரீடரில் வைத்து, கேட்கும்போது சம்மதம் கொடுத்தால், பில்லே அந்த வரம்போடு நின்றுவிடும். சாப்பாடும் தனி அறையும் இதில் சேராது.

இதை மட்டும் கவனியுங்கள்: அந்த வரம்பு 1ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரைக்கும். 28ஆம் தேதி படுத்து அடுத்த மாதம் எழுந்து வந்தால் இரண்டு மாதத்துக்கும் தனித்தனிக் கணக்கு. அவசரமில்லை என்று டாக்டர் சொன்னதால், நான் கேட்டு அடுத்த மாத ஆரம்பத்தில் தேதி வாங்கினேன். தயங்காமல் கேளுங்கள், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

பிரீமியம் கட்ட முடியாத மாதம் வந்தால் வார்டு ஆபீஸில் தவணை கேளுங்கள், பேசாமல் விட்டுவிடாதீர்கள். நிரந்தர வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது இதைக் கெடுவுக்குள் கட்டினோமா என்றுகூடப் பார்ப்பார்கள், ரசீதை எல்லாம் பத்திரமாக வைத்திருங்கள்.